வளர்த்தவனுக்கு எவ்வளவு சொந்தம்?

வளர்த்தல் என்ற சொல்லை நாம் மூன்று இடங்களில் சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். பயிர் வளர்க்கிறோம், ஆடு மாடு வளர்க்கிறோம், பிள்ளை வளர்க்கிறோம். சொல் ஒன்றாயினும் அது தரும் உரிமை ஒன்றல்ல. பயிரை அறுப்பவனை யாரும் குற்றம் சொல்வதில்லை. கால்நடையை அறுக்கலாம், வேலை வாங்கலாம். ஆனால் பட்டினி போடவோ வதைக்கவோ கூடாது. பிள்ளையைப் பொறுத்தமட்டில் ‘சொந்தம்’ என்ற சொல்லே அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மனிதன் வளர்க்கும் எந்த உயிரையும் இந்த மூன்று படிகளில் ஒன்றில் வைத்துவிடலாம் என்றே பொதுவாக நம்புகிறோம். முருகை அப்படி வைக்க முடியாத ஓர் உயிர்.

எமது கரையோரத்துப் பிள்ளைகளிடம் முருகைக்கல் என்று சொன்னால் கல்லைத்தான் நினைப்பார்கள். உண்மையில் அந்தக் கல்லின் மேல் மெல்லிய தோல்போலப் படர்ந்திருப்பது ஒரு விலங்கு. சின்னஞ்சிறு வாய்களும் உணர்கொம்புகளும் கொண்ட ஆயிரக்கணக்கான பொலிப்புகளின் கூட்டம். அதன் இழையங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருந்து, ஒளித்தொகுப்புச் செய்து, வீட்டுக்காரனின் உணவில் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. பொலிப்போ கடல் நீரிலிருந்து கல்சியத்தை எடுத்துத் தனக்குக் கீழே சுண்ணாம்பு எலும்பைக் கட்டிக்கொண்டே போகிறது. கல்லும் பயிரும் விலங்கும் ஒரே உடம்பில். மூளை கிடையாது, நரம்புகளின் எளிய வலையொன்று மட்டும் உண்டு.

இந்த உயிரை வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கலையொன்று உலகில் இருக்கிறது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறைகளைக் கடல் நீரில் இட்டு, காற்றுக் குமிழிகளால் மட்டும் நீரை அசைத்து, தொட்டிக்குள் ஒரு கடல் துண்டையே வாழ வைத்த முறையை 1961இல் எழுதினார். பின்னர் சுவிற்சர்லாந்தின் பீற்றர் வில்கென்ஸ், பேர்லினின் டீற்றிச் ஸ்டூபர் போன்றவர்கள் அதனை வளர்த்தெடுத்தார்கள். ஸ்டூபர் தனது தொட்டியில் வளர்த்த கொம்பு முருகையின் கிளைகளை முறித்து மற்றவர்களுக்குக் கொடுக்க, அவை ஐரோப்பாவின் பல வீடுகளில் வளர்ந்தன. இன்று ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான், வளைகுடா நாடுகள் என்று வசதியுள்ளவர்களின் வரவேற்பறைகளுக்கு இக்கலை வந்திருக்கிறது.

இது நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். என்னிடம் படித்த ஒருவர் டோஹாவில் ஒரு வீட்டில் இப்படியான தொட்டியொன்றைப் பராமரிக்கும் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்தபோது கையடக்கத் தொலைபேசியில் படங்களைக் காட்டி, வேலையை விளக்கினார். நீரின் வெப்பம் 25, 26 பாகையில் நிற்க வேண்டும். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம் இருக்க வேண்டும். முருகை வளர வளர நீரிலுள்ள சுண்ணாம்பு குறைந்துகொண்டே வரும். அதை ஈடுசெய்ய ஒவ்வோர் இரவும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். உம்மாமார் வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான்.

இந்தப் பையனின் மூத்தாப்பா ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளையில் கூலி வேலை செய்தவர். முருகைக்கல்லை விறகோடு அடுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியவர் அவர். பேரன் சுண்ணாம்பைக் கொடுத்து முருகை ஆக்குகிறான். இரண்டும் வயிற்றுப்பாட்டுக்காகவே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அவர் என்னிடம் கொண்டு வந்தது ஒரு கேள்வி. திரும்பி வரும்போது இலங்கைக் கடலிலிருந்து இரண்டு விரல் அளவு உயிர் முருகை ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவர முடியுமா என்று வீட்டு எசமான் கேட்டிருக்கிறார். சட்டம் இடம் தராது என்பது பையனுக்குத் தெரியும். நமது தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் கல் முருகைகளைப் பாதுகாக்கிறது. உயிரின வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் அனுமதியின்றி அவற்றை நாடு கடத்த விடுவதில்லை. அவர் கேட்டது வேறு. “எப்பிடியும் கடல் சுட்டுச் சாகப் போறதுதானே சேர்? அங்க கொண்டு போனா உசிரோடயாவது இரிக்கும். அது பாவமா, நன்மையா?”

எளிதில் தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி அல்ல இது. 1998இல் கடல் சூடேறியபோது திருகோணமலைப் பக்கம் தப்பினாலும், இலங்கையின் ஆழம் குறைந்த முருகைக்கற்பாறைகளில் பெரும்பகுதி வெளிறி இறந்தது. 2016இல் மீண்டும் வெளிறியது. 2024 ஏப்ரலில், உலகளாவிய வெளிறல் நான்காவது முறையாக நிகழ்வதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வெளிறல் என்பது வேறொன்றுமில்லை. வெப்பம் தாங்காத முருகை தனக்குச் சோறு போடும் அல்காக்களை இழந்துவிடுகிறது. வெள்ளை எலும்பு தெரிகிறது. வெப்பம் நீடித்தால் பட்டினியால் சாகிறது. எரியும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி வருவது களவாகுமா என்று பையன் கேட்கிறார். அதற்கு விடை சொல்ல, தொட்டிக்குள் அந்த உயிருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் வடிவம். தொட்டியில் முருகையை யாரும் கையால் பிடித்து வளைப்பதில்லை. ஒளியையும் நீரோட்டத்தையும் மாற்றி வைக்கிறார்கள். அது தானாக வடிவம் கொள்கிறது. ஓட்டம் பலமான இடத்தில் கிளைகள் கட்டையாகத் தடிக்கும். அமைதியான நீரில் மெலிந்து நீளும். ஒரே தாய்க் கிளையின் இரண்டு துண்டுகளை இரண்டு மூலைகளில் வைத்தால், சில வருடங்களில் இரண்டு இனம் என்று சொல்லுமளவுக்கு வேறுபடலாம். இதில் எனக்குக் குறை காணத் தோன்றவில்லை. கடலும் அதைத்தான் செய்கிறது. சூழலைக் கொடுத்துவிட்டு வடிவத்தை அதனிடமே விட்டுவிடுவது நல்ல ஆசிரியனின் முறையுங்கூட.

அடுத்தது வெட்டு. எலும்பு வெட்டும் குறட்டால் கிளையை முறித்து, பசையால் சிறு வட்டக் கல்லொன்றில் ஒட்டிவிடுவார்கள். நாட்போக்கில் இழையம் பசையின் மேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும். பின்னர் புதிய நுனி எழும். வெட்டுவது கொலை அல்ல. புயலில் முறிந்த கிளை வேறிடத்தில் ஊன்றி வளர்வது கடலிலும் நடப்பதே. நமது பழைய நீதிச் சொற்கள் இங்கே தடுமாறுகின்றன. ஒன்றை இரண்டாக வெட்டினால் இரண்டும் வாழ்கிறதென்றால் யாருக்கு என்ன தீங்கு?

தீங்கு வேறோர் இடத்தில் இருக்கிறது. வெட்டிப் பெருக்கிய நூறு துண்டும் ஒரே உயிர்தான். அவை பிரதிகள், பிள்ளைகள் அல்ல. கடலில் பல முருகை இனங்கள் நிலவையும் நீரின் வெப்பத்தையும் கணக்கு வைத்து, வருடத்தில் ஒரு சில இரவுகளில் முட்டையையும் விந்தையும் ஒன்றாக நீரில் விடுகின்றன. வெவ்வேறு கூட்டங்களின் வித்துக்கள் கலந்து, பெற்றோர் எவரையும் அப்படியே ஒத்திராத புதிய உயிர்கள் பிறக்கின்றன. அவற்றுள் ஏதாவதொன்று நாளைய வெப்பத்தைத் தாங்கலாம். எப்போதும் ஒரே வெப்பமும் ஒரே விளக்கும் உள்ள தொட்டியில் பருவம் இல்லை, நிலவு இல்லை. ஆகவே பெரும்பாலும் பிள்ளையும் இல்லை. லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் 2012இல் தொடங்கிய ஆய்வொன்றில், கடலின் பருவங்களையும் சூரிய, சந்திர ஒளியையும் தொட்டியில் அப்படியே உண்டாக்கிய பிறகுதான் முருகைகளை எதிர்பார்த்த காலத்தில் கருவிட வைக்க முடிந்தது. வளர்ப்பவன் உணவும் ஒளியும் கொடுத்தால் மட்டும் போதாது, நிலவையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது நிறம். எனக்கு மிகவும் உறுத்திய விடயம் இதுதான். சத்து நிறைந்த நீரில் முருகை பெரும்பாலும் மண்ணிறமாகவே இருக்கும். உள்ளே அல்காக்கள் செறிந்திருப்பதே காரணம். விலை மதிப்புள்ள ஊதாவும் இளஞ்சிவப்பும் பச்சையும் வேண்டுமென்றால் நீரிலுள்ள சத்தைக் குறைத்து, ஒளியைக் கூட்ட வேண்டும். அல்காக்கள் குறையும். அளவுக்கு மிஞ்சிய ஒளியிலிருந்து காத்துக்கொள்ள முருகை தானே நிறப்பொருட்களைச் சுரக்கும். 2020இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடலில் வெளிறும் சில முருகைகள் பளபளக்கும் நிறம் கொள்வதும் இப்படியான தற்காப்பே என்று விளக்கினார்கள். பார்ப்பவன் “எவ்வளவு அழகு!” என்று வியக்கும் நிறத்தில், அந்த உயிர் குடையாகப் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. கை கொஞ்சம் தவறினால் நிறத்துக்கு அடுத்த படி வெள்ளை.

இதைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டைக் குறைத்து, நித்திரையைக் குறைத்து, விளக்கைக் கூட்டி வைக்கிறோம். பிள்ளை நிறம் கொள்கிறது. பாடசாலை வாசலில் படத்தோடு பதாகை கட்டுகிறோம். அந்த நிறம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஆரோக்கியத்தின் நிறமா, தற்காப்பின் நிறமா என்று கேட்க வளர்ப்பவனுக்குக் கடமையுண்டு என்கிறேன். தேர்ந்த முருகை வளர்ப்பாளர்கள் இதை அறிவார்கள். சற்று மங்கிய நிறத்தோடு நன்றாக உண்டு வளரும் முருகையே மேல் என்று அவர்களில் பலர் நினைப்பதாகப் பையன் சொன்னார்.

கடைசியாகச் சார்ந்திருத்தல். கடல் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலைகளையெல்லாம் தொட்டிக்காரன் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான். மின்சாரம் நின்று நீரோட்டமும் நின்றுவிட்டால், நெருக்கமாக வளர்ந்த தொட்டியில் சில மணி நேரத்திலேயே ஒட்சிசன் குறைந்து சாவு தொடங்கிவிடும். எசமான் கோடைக்கு வெளிநாடு போகலாம். சொட்டுச் சொட்டாக விழும் சுண்ணாம்பு நீருக்கு விடுமுறை கிடையாது. முருகைக்கு நோவு தெரியுமா தெரியாதா என்று வாதிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஓர் உயிரை உன்னையன்றி வாழ முடியாத நிலைக்குக் கொண்டு வந்தாயானால், அந்த நாளிலிருந்து நீ கடன்காரன்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். இலங்கையின் தென்மேற்குக் கரையில் நெடுங்காலம் முருகைக்கல் தோண்டிச் சூளைகளில் சுட்டார்கள். 1988இல் சட்டம் அதைத் தடுத்த பின்னும் தொடர்ந்தது. 2004 சுனாமியின்போது, முருகைப் பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்தோடு ஏறத்தாழ 50 மீற்றரே உள்ளே வந்ததையும், பாறை தோண்டப்பட்டிருந்த பெரலியவில் பத்து மீற்றர் உயரமாக எழுந்து ஒன்றரைக் கிலோமீற்றர் வரை சென்று ரயிலையே புரட்டியதையும் ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். சூளைக்காரன் பசிக்காக எடுத்தான், செல்வந்தன் அழகுக்காக எடுக்கிறான் என்று வேறுபடுத்தலாம். கடலுக்கு இரண்டும் எடுத்த கணக்கில்தான் சேரும்.

அப்படியானால் தொட்டியே பாவமா? அதுவும் இல்லை. 2023 கோடையில் புளோரிடாக் கடல் தாங்க முடியாமல் சூடேறியபோது, கடலுக்கடியில் நாற்றுமேடைகளில் வளர்த்து வந்த முருகைகளை ஆயிரக்கணக்கில் கரையிலுள்ள தொட்டிகளுக்கு அள்ளி வந்தார்கள். முறித்து ஒட்டும் கையும், நீரின் சுண்ணாம்பைக் காக்கும் அறிவும் வீட்டுத் தொட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பொறுமையோடு சேர்த்ததும் சேர்ந்ததுதான். வீட்டில் வளர்ந்த கிளையைக் கைமாற்றிக் கொள்பவன் கடலிலிருந்து எடுக்காமலிருக்கவும் உதவுகிறான்.

புளோரிடாவில் தூக்கி வந்ததற்கும் டோஹாவுக்குக் கொண்டு போகக் கேட்டதற்கும் உள்ள வேறுபாடு திரும்பும் பாதைதான். முன்னதில் எந்த முருகை எங்கிருந்து வந்தது என்ற பதிவு இருக்கிறது. கடல் ஆறியதும் திருப்பி நடும் எண்ணம் இருக்கிறது. பின்னதில் பாதை ஒருபக்கமானது. அதற்கு மேலாக இன்னொன்று. 1998ஐயும் 2016ஐயும் கடந்து நமது கடலில் இன்னும் உயிரோடு நிற்கும் முருகைதான் எடுப்பவனின் கண்ணில் படும். வெப்பத்தைத் தாங்கியதும் அதுவாக இருக்கலாம். நாளைய பாறைக்கு வித்திட வேண்டியதும் அதுவே. அதைப் பிடுங்கிக் கொண்டு போனால் ஓர் உடம்பு தப்பும். அதன் பிள்ளைகள் தப்பா. எரியும் வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருவது களவல்ல என்பது சரி. தூக்கி வந்தவன் அதற்குத் தன் பெயரைச் சூட்டி, தாயிடம் காட்டாமலே வைத்துக்கொண்டால் அது என்ன? இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். அவர் முருகை எதையும் கொண்டு போகவில்லை.

வளர்த்தவனுக்கு எவ்வளவு சொந்தம் என்ற கேள்விக்கு என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பட்ட பாடு அவனுடையது. கற்றுக்கொண்ட அறிவு அவனுடையது. கண்டு மகிழ்ந்த மகிழ்ச்சியும் அவனுடையதே. உயிர் அவனுடையதல்ல. திருப்பிக் கொடுக்கும் பாதையைத் திறந்து வைத்திருக்கும்வரை அவன் வளர்ப்பவன். அதை அடைத்துவிட்ட பின்னர் எவ்வளவு அன்பாகச் சுண்ணாம்பு ஊட்டினாலும் அவன் வைத்திருப்பவன் மாத்திரமே. முருகைக்கும் இதுதான், வகுப்பறையில் நம் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதுதான்.