குயவன் கணக்கில் வராத தண்ணீர்

யாங்கோன் ஆற்றைக் கடந்து, தலா வழியாக மேற்கே போனால் த்வாண்டே வரும். 1880களில் ஆங்கிலேயர் வெட்டிய 35 கிலோமீட்டர் கால்வாய் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் யாங்கோன் ஆற்றை ஐராவதியோடு சேர்க்கிறது. ஆனாலும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது பானைதான். ஓபோ பகுதிப் பட்டறைகளில் இன்றும் சக்கரத்தில் களிமண் வனைகிறார்கள்.

சைவ சித்தாந்தம் படித்த ஒருவர் அந்தப் பட்டறை வாசலில் நின்றால் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்ற வாதமே இந்த மூன்றின் மேல்தான் எழுப்பப்பட்டது. அந்தக் கணக்கில் தண்ணீர் தனியாக வருவதில்லை. மண்ணைக் குழைக்கும்போதே அது மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. வறண்ட கட்டியை வனையத்தக்க களியாக மாற்றியது எது என்று அந்தப் பாடம் நின்று கேட்பதில்லை.

மூளை ஆராய்ச்சி சில காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

வளர்ந்த மூளையில் புதிய நியூரான் பிறக்காது என்று வெகுகாலம் நம்பினார்கள். எலிகளில் அது பிறப்பதை 1960களில் ஜோசப் ஆல்ட்மன் காட்டியும் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1992இல் கனடாவில் பிரென்ட் ரெனால்ட்ஸும் சாமுவேல் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்தே, புதிய செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டிய பிறகு எதிர்ப்பு தளர்ந்தது. மனிதரைப் பற்றிய வழக்கு மட்டும் தொடர்கிறது. 2018இல், ஒரு மாத இடைவெளியில், வளர்ந்த மனித மூளையின் ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான் தென்படவில்லை என்று ஓர் ஆய்வும், முதுமையிலும் பிறக்கிறது என்று இன்னோர் ஆய்வும் வெளிவந்தன.

சுண்டெலியில் இந்த ஸ்டெம் செல்கள் குடியிருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு; அவற்றின் சுவரில்தான் இவை இருக்கின்றன. வளர்ந்த மனிதருக்கு மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த இந்த நீர் சுமார் 150 மில்லிலிட்டர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் ஊறுகிறது. அதாவது ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் புதிதாகிறது. அறைகளுக்குள் இருக்கும் கோராய்டு பின்னல் என்ற திசு அதில் பெரும்பகுதியைச் சுரக்கிறது. அறைச் சுவரின் செல்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவிலிருந்து ஸ்டெம் செல் ஒரே ஒரு நுண்ணிழையை அந்த நீருக்குள் நீட்டியிருப்பதை 2008இல் அல்வாரெஸ்-புய்யா குழு விளக்கிற்று. அதே செல்லின் மறுமுனை இரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

நீர் வெறுமனே சூழ்ந்திருக்கவில்லை. கோராய்டு பின்னல் சுரப்பவை ஸ்டெம் செல்களைப் பெருகத் தூண்டுகின்றன என்றும், வயது ஏற ஏற அந்தச் சுரப்பின் ஆற்றல் மாறுகிறது என்றும் ஃபியோனா டோய்ட்ச் குழு 2016இல் கண்டது. நீர் ஓடும் விசையையே செல் உணர்கிறது, அதற்குச் சோடியம் நுழையும் ஒரு வாயில் வேண்டும் என்று 2018இல் மாக்டலேனா கோட்ஸ் குழு காட்டியது. 2022இல் ஸ்டான்ஃபோர்டில் டால் இராம், டோனி விஸ்-கோரே ஆகியோர் இளம் சுண்டெலியின் மூளைநீரைக் கிழ எலியின் மூளைக்குள் செலுத்தினார்கள். நரம்பு உறை செய்யும் முன்னோடிச் செல்கள் மறுபடி பெருகின. எலியின் நினைவாற்றலும் மேம்பட்டது. அந்த நீரிலிருந்த எஃப்.ஜி.எஃப். 17 என்ற புரதத்துக்கு இதில் பெரும் பங்கு இருந்தது.

செல் பழையது, நீர் புதியது. அப்படியானால் முதுமை யாருடையது?

மியான்மரில் இது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வியாக நிற்காது. பௌத்த அபிதம்மத்தின் ஏழாவது நூலான பட்டானத்துக்கு இங்குள்ள மரியாதை வேறெங்கும் இல்லை. ஊருக்கு ஊர், இரவு பகலாக, ஒலிபெருக்கியில் அதை ஓதுகிறார்கள். ஒன்று எழுவதற்கு மற்றொன்று துணைநிற்கும் முறைகளை அந்த நூல் 24 என்று பிரிக்கிறது. பரஸ்பரத் துணை ஏழாவது, தாங்கி நிற்கும் துணை எட்டாவது, கர்மம் பதின்மூன்றாவது, உணவு பதினைந்தாவது. குயவனைத் தேடாமல் நிபந்தனைகளைத் தேடும் நூல் அது. தமிழருக்கும் இது அந்நியமில்லை. மணிமேகலை துறவு பூண்ட காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு உபதேசித்தது பன்னிரு சார்புகளைத்தான்.

பட்டானத்தின் நேர்மை ஓரிடத்தில் வியக்கவைக்கிறது. மனம் எந்த உறுப்பைப் பற்றி நிற்கிறது என்று அந்த நூல் பெயர் சொல்லவில்லை. எந்த உருப்பொருளைச் சார்ந்து மன அறிவு நிகழ்கிறதோ அது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இதயம் என்று பெயர் சூட்டியவர்கள் பின்வந்த உரையாசிரியர்கள். பர்மிய அறிஞர் ஷ்வே சான் ஆங் 1910இல் வெளிவந்த தம் அபிதம்ம மொழிபெயர்ப்பில் இதை எடுத்துப் பேசியிருக்கிறார்.

ஆகவே "எல்லாம் புத்தர் அன்றே சொன்னதுதான்" என்று துள்ளுவது புத்தருக்கும் மரியாதையில்லை, அறிவியலுக்கும் மரியாதையில்லை. புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம் உடலின் நீர்க்கூறுகளைப் பன்னிரண்டாக எண்ணுகிறது. பித்தம், சளி, வியர்வை, கண்ணீர், மூட்டு எண்ணெய் எல்லாம் உண்டு, மூளைநீர் இல்லை. மூளையையே பழைய சூத்திரங்கள் எலும்பு மஜ்ஜையில் அடக்கிவிட்டன என்பது அவர் விளக்கம். விடை அந்த ஏடுகளில் இல்லை. கேட்கும் முறை இருக்கிறது. அதன் மதிப்பே பெரிது.

சைவ சித்தாந்தி இங்கே ஒரு நியாயமான மறுப்பு சொல்வார். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது மெய்கண்டார் மரபும் ஏற்பதே. ஆனால் சாரும் ஒருவர் இல்லாமல் சார்பு ஏது? இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. 2019இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் செகல், ராபின் ஃபிராங்க்ளின், கெவின் சாலட் குழுவினர் செய்த சோதனை இரு தரப்புக்கும் ஏதோ கொடுக்கிறது. கிழ எலியின் முன்னோடிச் செல்லைக் குட்டி எலியின் மூளையில் வைத்தால் அது இளமையாக நடந்துகொள்கிறது. ஆனால் சுற்றுப்புறம் இறுகியிருப்பதை உணரும் பீசோ1 என்ற வாயிலை நீக்கிவிட்டால், முதிர்ந்த மூளைக்குள்ளேயே அந்தச் செல் தளராமல் பெருகுகிறது. சூழல் பேசுகிறது, செல் கேட்டால்தான் அது செல்லுபடியாகிறது. சித்தாந்தி இதில் கேட்பவனைக் காண்பார். பௌத்தர் அந்த வாயிலும் ஒரு புரதம்தானே, அதுவும் சார்ந்து எழுந்ததுதானே என்பார். ஆன்மா உண்டா இல்லையா என்பதை எலி தீர்த்துவைக்காது. ஆனால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று கோடு கிழித்து எல்லாவற்றையும் உள்ளிருப்பதன் தலையில் ஏற்றும் வழக்கம் இனி நிற்காது. பட்டானத்தின் பரஸ்பரத் துணையே இங்கு உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது.

இது வீட்டுத் திண்ணைக்கும் வரும் விஷயம். நினைவு தப்பிய தாயைப் பார்த்து, என்ன பாவம் செய்தாளோ என்று உறவினர் சொல்வது யாங்கோனிலும் உண்டு, தஞ்சையிலும் உண்டு. மோலிய சீவகன் என்ற பரிவிராஜகன் அனுபவிப்பதெல்லாம் பழவினையா என்று கேட்டபோது, புத்தர் பித்தம், சளி, வாதம், பருவ மாற்றம் முதலான எட்டுக் காரணங்களைச் சொல்லி, வினையை அவற்றில் ஒன்றாக மட்டுமே வைத்தார். எல்லா நோய்க்கும் பழவினையே காரணம் என்று நோயாளியைக் குற்றவாளியாக்கும் பேச்சுக்கு அந்த விடையில் இடமில்லை; மூளைநீரின் கதையும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் உள்ளிருப்பதன் தலையில் ஏற்றும் இதே தவற்றை மருத்துவச் சந்தை வேறு வேடத்தில் செய்கிறது. ஸ்டெம் செல்லை முதுகுத்தண்டில் ஊசியாய் ஏற்றினால் மூளை புத்துயிர் பெறும் என்று பெரும் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். செல் எந்தச் சூழலில் போய் இறங்குகிறது என்பது அவர்கள் விளம்பரத்தில் இராது. இளம் மூளைநீர் செய்த நன்மை இன்றுவரை எலிகளிடம் காணப்பட்டதே. மனிதருக்கான சிகிச்சை அல்ல. மியான்மரிலிருந்து வைத்தியத்துக்காகச் சென்னைக்கு வரும் குடும்பங்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சை தவிர, வேறெந்த ஸ்டெம் செல் சிகிச்சையையும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. யாராவது கொடுக்க முன்வந்தால், ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.