வந்துட்டாளாம்

எங்கள் தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, இரண்டு பலா மரங்களுக்கு நடுவில் இருந்தது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு முன்னாலும், சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகும் அங்கே குடங்கள் வரிசையாக நிற்கும். 1993 இல் அந்த வரிசையில் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்போது நான் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் டீச்சர். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன்.

பக்கத்து லயத்துப் பெண்பிள்ளை ஒன்று கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்தது. தீபாவளிக்குத்தான் வரும் என்றிருந்தார்கள். ஆடி மாதத்தில் ஒருநாள், பொழுது சாயும் நேரத்தில், கையில் ஒரு பையோடு தனியாக மேட்டில் ஏறி வந்தது. இஸ்தோப்பில் நின்றிருந்த நான் பார்த்தேன். மறுநாள் பீலிக்கரையில் பக்கத்தில் நின்ற அக்காவிடம், "அந்தப் புள்ள வந்துருச்சு போல. தீவாளிக்குத்தானே வர்றதா சொன்னாங்க?" என்றேன். அவ்வளவுதான். குடம் நிறைந்தது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அது "வந்துட்டாளாம்" ஆகிவிட்டது. அடுத்த நாள் பிரட்டில் "அனுப்பிட்டாங்களாம்." மலைக்குப் போய்க் கொழுந்துக் கூடை பாதி நிறைவதற்குள் "வயித்துல இருக்காம்."

அந்தப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. வேலை செய்த வீட்டுக்காரர்கள் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே பஸ் ஏற்றி விட்டிருந்தார்கள். தாய் விடியுமுன் எழுந்து கீழாநெல்லி தேடி அலைந்துகொண்டிருந்தார். எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. நடுச்சுவர் கூரை வரை எழும்பாத லயங்களும் உண்டு. அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால் இங்கே தூக்கம் கலையும். பட்டணத்தில் பேர் கெட்டவன் தெருவை மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு வீடு வேலையோடு வந்தது. வேலையை விட்டால் வீடும் போய்விடும். அதனால் பழி சுமந்தவரும் அதே பீலிக்கரைக்கு, அதே பிரட்டுக்கு, அதே மாரியம்மன் திருவிழாவுக்குத்தான் வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சொல்லை வெறும் சொல் என்று தள்ளிவிட முடியாது. அது செயல்தான்.

"வந்துட்டாளாம்" என்பதில் வரும் "ஆம்" நம் மொழியில் ஓர் ஒட்டு. சேதியைச் சொல்லலாம், பொறுப்பை மட்டும் வேறு யார் தலையிலோ வைத்துவிடலாம். சிங்களத்திலும் "லு" என்று இதே வேலைக்கு ஓர் ஒட்டு இருக்கிறது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் இரண்டும் சேர்ந்து ஓடியதை நான் கேட்டேன். எனக்கு அப்போது 11 வயது. யாழ்ப்பாணத்தில் சிங்களவர்களை அடிக்கிறார்களாம் என்ற வதந்தி கடைத்தெருவில் "கஹனவாலு" என்று பரவியது. அந்த ஒற்றை "லு"வுக்காக, யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டிராத நாங்கள் மூன்று ராத்திரி ரப்பர் மலையில் படுத்தோம். கைக்குழந்தையாக இருந்த தம்பி அழுதுவிடக் கூடாது என்று அம்மா சீலைத் தலைப்பால் அவன் வாயைப் பொத்தியபடியே இருந்தார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் மறுபடியும் அடி. எங்கள் சனம் எத்தனையோ குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது அதனால்தான். வதந்தியால் வீடிழந்த சனம் நாம். நம் லயத்துக்குள்ளேயே ஒரு பிள்ளைக்கு அதைச் செய்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கெட்ட எண்ணத்தோடு நான் சொல்லவில்லையே, எனக்குப் பாவம் உண்டா? சில நாட்கள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேற்றப் பார்த்தேன். எண்ணம்தான் வினை என்று பௌத்தம் சொல்கிறது. ஆனால் அதே பௌத்தம் பத்துத் தீவினைகளில் நான்கை வாயின் கணக்கில் வைத்திருக்கிறது. நம் மணிமேகலையிலும் அந்தக் கணக்கு உண்டு. பொய், கோள், கடுஞ்சொல் என்ற மூன்றுக்கும் அடுத்து நிற்பது வீண்பேச்சு. வீண்பேச்சுக்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. குடம் நிறையும்வரை எதையாவது பேச வேண்டும் என்ற ஆசையே போதும். எனக்கு அந்த ஆசை இருந்தது.

வள்ளுவரும் புறங்கூறாமைக்கு அடுத்தபடியாகப் பயனில சொல்லாமைக்குத் தனி அதிகாரம் வைத்தார். அதற்கும் அடுத்தது தீவினையச்சம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட எனக்கு, அந்த வரிசையின் பொருள் அதுவரை உறைக்கவில்லை. யாருக்கும் தீங்கு தராத பேச்சுதான் வாய்மை என்பதும் அவர் இலக்கணம். அப்படிப் பார்த்தால், நடந்ததை நடந்தபடி சொன்ன என் பேச்சு வாய்மையில் சேராது.

ஒரு ராத்திரி அந்தத் தாய் குப்பி லாம்போடு பீலிக்கரைக்கு இறங்குவதைக் கண்டு பின்னாலேயே போனேன். "நான்தாங்க மொத மொத சொன்னேன்" என்றேன். அவர் லாம்பைக் கல்லில் வைத்துவிட்டுக் குடத்தைப் பீலிக்கடியில் தள்ளினார்.

"நீங்க பொய் சொல்லலியே டீச்சர். அது வந்தது வாஸ்தவந்தானே."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குடம் நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அப்புறம் அந்த லயத்தின் பத்துக் காம்பராவிலும் ஏறி இறங்கினேன். "ஒன்னும் தெரியாமத்தான் சொன்னேன், அந்தப் புள்ளைக்கிக் காமால" என்றேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அது பழைய கதைங்க டீச்சர்" என்றார்கள் சிலர். கதை அவர்களுக்குப் பழையதாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு நான்கு வருடம் கழித்துத்தான், தொலைவில், நம் பேச்சு எட்டாத ஒரு தோட்டத்தில் கல்யாணம் நடந்தது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது "ஆம்" போட்டு ஒரு சேதி கொண்டுவந்தால், "நீங்க பாத்தீங்களா?" என்று கேளுங்கள். பார்த்ததாகவே சொன்னாலும், அதை அடுத்த காதுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

2006 இல் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அதுவரை 13 வருடம், அந்தத் தாய் இருட்டிய பிறகுதான் பீலிக்கரைக்கு வந்தார்.