ஒருவர் மட்டும் சுமந்த நினைவு



கல்லறைத் திருநாளாகிய இன்று, பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒரு நாவலைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். லோயிஸ் லோரி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993-இல் வெளியிட்ட ‘தி கிவர்’. மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகளில் சிலர் அதைப் படித்திருக்கலாம், 2014-இல் வந்த திரைப்படத்தையாவது பார்த்திருக்கலாம். சிறார் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் 1994-இல் அதற்குக் கிடைத்தது. அதே அமெரிக்காவில், பள்ளிகளிலிருந்து அந்த நூலை எடுத்துவிட வேண்டும் என்று கேட்ட பெற்றோரும் பலர். அவர்களுடைய கலக்கம் எனக்குப் புரிகிறது. கதையில் முதியவர்களும் பச்சிளங்குழந்தைகளும் ஓசையில்லாமல் கொல்லப்படுகிறார்கள். ஆனால் அந்தக் கொலைக்கு நியாயம் சொல்லும் கதை இல்லை அது. அதைப் படித்து நடுங்கும் பிள்ளை, நடுங்க வேண்டிய இடத்தில்தான் நடுங்குகிறது.

கதை நடக்கும் ஊரில் பசி கிடையாது, போர் கிடையாது. பயிருக்கு ஆகாது என்று பனியை நிறுத்திவிட்டார்கள். வண்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று குன்றுகளையும் இல்லாமல் செய்துவிட்டார்கள். நிறங்களும் போய்விட்டன. எல்லாப் பிள்ளைகளுக்கும் டிசம்பரில் ஒன்றாக வயது ஏறும்: ஏழு வயதில் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை, ஒன்பதில் சைக்கிள், பன்னிரண்டில் தொழில். யாருக்கு யார் துணை, எந்த வீட்டுக்கு எந்தக் குழந்தை என்பதெல்லாம் மூப்பர்களின் முடிவு. இளம் உடலில் முதல் ஆசை துளிர்த்த நாளிலிருந்து தினமும் ஒரு மாத்திரை.

இவற்றுக்கெல்லாம் அவர்கள் கொடுத்த விலை நினைவு. முன்னோரின் நினைவு முழுவதையும் ஒரே ஒரு மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். போர்க்களத்தில் தண்ணீர் கேட்டுச் சாகும் சிறுவனின் முனகலும், முறிந்த காலின் வலியும், பட்டினியும் அவருக்கு மட்டும். ஊருக்கு ஒரு குழப்பம் வந்தால் அவரை அழைத்து யோசனை கேட்பார்கள். பிறப்புகளைக் கூட்ட வேண்டும் என்று ஒருமுறை மக்கள் மனுக் கொடுத்தபோது, வேண்டாம் என்று அவர் தடுத்தார். பசி என்றால் என்ன என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்குப் பின் இந்தச் சுமையை ஏற்கத் தேர்ந்தெடுக்கப்படும் பன்னிரண்டு வயதுப் பையன்தான் ஜோனஸ்.

அந்த ஊரில் காலெப் என்று நான்கு வயதுக் குழந்தை ஒன்று ஆற்றில் விழுந்து இறந்துபோகிறது. ஊரார் கூடி, அவன் பெயரை முதலில் உரக்கவும், பிறகு குரலைத் தாழ்த்தித் தாழ்த்தியும் சொல்லி, ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பின்னர் அதே பெற்றோருக்கு வேறொரு குழந்தை தரப்படும்போது, மெல்லிய குரலில் தொடங்கி மறுபடியும் ‘காலெப், காலெப்’ என்று ஏற்றிச் சொல்கிறார்கள். போனவனே திரும்பி வந்துவிட்டதுபோல ஏற்பாடு. அத்துடன் துக்கம் முடிந்தது. நாமும்தான் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். தாத்தா நம் வாயிலும் வீட்டிலும் நிலைத்திருக்க வேண்டும் என்று வைக்கிறோம். அந்த ஊரில் பழைய பிள்ளையை அழிக்கப் பெயர் பயன்பட்டது.

2004 டிசம்பர் 26-ஐ நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க முடியாது. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பிறகு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு, மறுபடி குழந்தை பெறுவதற்கான அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. சில வீடுகளில் மீண்டும் தொட்டில் கட்டினார்கள். அந்தத் தாய்மாரில் ஒருவரிடம் போய், போன பிள்ளைக்குப் பதில் வந்துவிட்டதா என்று கேட்க யாருக்கு மனம் வரும்? பின்னால் பிறந்தது வேறொரு பிள்ளை. அதற்கென்று ஒரு சிரிப்பு, அதற்கென்று ஒரு பிடிவாதம். கடல் கொண்டுபோன பிள்ளையின் இடத்தில் அது உட்கார முடியாது, உட்காரவும் வேண்டாம். ஒரு தாயின் மனத்தில் இருவருக்கும் இடம் உண்டு. தாயே மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்றும், நம்மை உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பதாகவும் எசாயா வழியாகச் சொன்ன கடவுளைத்தான் நாம் வழிபடுகிறோம். உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா தோட்டக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தம் பெயரை அவர் சொல்லக் கேட்டதும்தான் கண்டுகொண்டார்.

பூசைக் கருத்துகளில் இறந்தோரின் பெயர்களை வாசிக்க நேரமாகிறது என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. ஆகட்டும். ஒவ்வொரு பெயருக்கும் இந்தக் கோவிலில் எங்கோ ஒரு தலை நிமிர்கிறது.

கதையில் என்னை மிகவும் உலுக்கிய இடம் ஜோனஸின் தந்தையைப் பற்றியது. அவர் கொடியவர் அல்லர். குழந்தைகளைப் பேணுவதுதான் அவர் வேலை. சரியாகத் தூங்காத கேபிரியேல் என்ற கைக்குழந்தையை வீட்டுக்கே கொண்டுவந்து இரவில் பார்த்துக்கொள்கிறவர். அப்படிப்பட்டவர், இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது இருவரையும் எடைபோடுகிறார். எடை குறைந்த குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசியைச் செலுத்தி, உயிர் போனதும் ஒரு பெட்டியில் வைத்துக் குப்பைக் குழாய் வழியே அனுப்பிவிட்டு, கொஞ்சும் குரலில் கையசைத்து விடைகொடுக்கிறார். தாம் செய்வது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. சாவைப் பற்றிய நினைவு அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. வலியை அறியாத மென்மை எவ்வளவு தூரம் போகும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. கருவிலும் முதுமையிலும் நோயிலும் ‘தொல்லையில்லாமல் முடித்துவிடலாம்’ என்று அன்பான குரலில் யோசனை சொல்லும் காலம் இது. பெற்றோர்களே, இந்தப் பக்கங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள்.

ஜோனஸ் ஒருநாள் மாத்திரையை விழுங்குவதை நிறுத்துகிறான். அதைப் படித்தபோது மாற்கு நற்செய்தியின் 15-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. கொல்கொதாவில் ஆண்டவருக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தைக் கொடுக்கிறார்கள். அவர் அதை வாங்கவில்லை. சிலுவையின் வலி முழுவதையும் தெளிந்த அறிவோடு ஏற்றார். நோயாளிகள் வலிநிவாரணி எடுக்கக் கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். திருச்சபை அப்படிச் சொல்வதில்லை.

இந்த நாவலுக்கு எப்படி வந்தார் என்று லோரியே சொல்லியிருக்கிறார். அவருடைய வயதான தந்தைக்கு நினைவு மங்கிக்கொண்டு வந்தது. சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இளவயதில் புற்றுநோயால் இறந்த தம் மூத்த மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். லோரி சொன்னார். தந்தை மறந்துவிட்டு மறுபடி கேட்டார். பதில் ஒவ்வொரு முறையும் புதிய துயரமாகவே அவருக்கு வந்தது. வலி தரும் நினைவெல்லாம் போய்விட்டால் மனிதருக்கு நல்லதுதானோ என்ற எண்ணம் அங்கேதான் லோரிக்குள் எழுந்தது. நம்மில் எத்தனை பேர் இந்தக் கேள்வியோடு இரவில் விழித்துக் கிடந்திருக்கிறோம்! லோரி அதற்குக் கதையில் கண்ட பதில் இது: ஜோனஸ் ஊரைவிட்டு வெளியேறுகிறான். அவன் போனால் அவன் சுமந்த நினைவுகள் மக்களிடமே திரும்பிவிடும். அவர்கள் தாங்கமாட்டார்கள் என்பதால், அவனுக்கு முன் அவற்றைச் சுமந்த முதியவர் ஊரிலேயே தங்குகிறார். வலியைச் சுமக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக.

இங்கேதான், சகோதரரே, சகோதரிகளே, நம் விசுவாச வாழ்வைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சிலுவையில் தொங்கும் ஆண்டவரை அந்த ஊரின் முதியவர்போல நாம் ஆக்கிவிட்டோமோ என்று எனக்குக் கவலை. அவர் எல்லாவற்றையும் சுமந்துவிட்டார், ஆகவே நமக்குச் சுமையில்லை என்று எண்ணுகிறோம். வீட்டில் சாவு நடந்தால் பங்குத்தந்தை வந்து செபிப்பார், முப்பதாம் நாள் பூசை வைப்பார், அதற்குப் பிறகு அந்த விதவையின் வாசலை யாரும் மிதிப்பதில்லை. ஆனால் ஆண்டவர் தம் நினைவை ஒருவரிடம் பூட்டிவைக்கவில்லை. பந்தியில் இருந்த எல்லாருக்கும் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்துத்தான் தம் நினைவாக இதைச் செய்யச் சொன்னார். சேவல் கூவுமுன் மறுதலிக்கப்போகும் பேதுருவுக்கும் கொடுத்தார். அந்தப் பாஸ்கா இரவுக்கே உரியது கசப்புக் கீரை. எகிப்தின் அடிமைத்தனம் ஒவ்வொரு பிள்ளையின் நாக்கிலும் கசக்க வேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. நற்கருணையை நாவில் வாங்கும் ஒவ்வொருவரும் பிறருடைய வலியில் ஒரு பங்கை வாங்குகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் ஊர் இந்த நாவலில் மட்டும் இல்லை. மேட்லின் லெங்கில் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 1962-இல் எழுதிய ‘எ ரிங்கில் இன் டைம்’ என்ற சிறார் நாவலில், ஒரே மாதிரியான வீடுகளின் முன்னால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தாளத்தில் பந்து தட்டுவார்கள். தாளம் தவறிய ஒரு சிறுவனால் அவன் தாய் அரண்டுபோவாள். இதையெல்லாம் படித்துவிட்டு, நம் ஊர் இப்படி இல்லை, இங்கே எத்தனை வேறுபாடு என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. தமிழகத்தில் சில கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில், தலித் மக்களின் கல்லறைகளைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பியிருக்கிறோம். சாதி, வேறுபாடுகளைக் காப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது ஆளையே பார்ப்பதில்லை. பாடற்குழுவில் ஆண்டுக்கணக்கில் பாடிய பெண்ணையும், பிறர் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதரையும் ஒரே பட்டியலில் போட்டு, ‘அந்தத் தெரு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடும். ‘தி கிவர்’ நாவலின் ஊர் ஆளை அழித்த முறைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேற்றுமை தெரியவில்லை. அந்தச் சுவர்கள் இறந்தோருக்கு எதிரான பாவம். அவற்றை இடிக்க வேண்டும்.

உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் மறையவில்லை. மகிமை பெற்ற உடலில் அவை இருக்கத் தேவையில்லை என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவற்றைத்தான் அவர் தோமாவுக்குக் காட்டினார். நம் இறந்தோர் இறைவனிடம் போகும்போதும், அவரவர் பட்டபாட்டோடும் அவரவர் அன்போடும்தான் போகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

மாலையில் கல்லறை மந்திரிப்புக்கு வரும்போது பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். தாத்தாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியதும், அவர் எப்படி இருந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் பட்ட கடனையும், குடும்பத்தில் நடந்த சண்டையையும், கடைசியில் எப்படிச் சமாதானம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு, யாரும் வராத ஒரு கல்லறைக்குப் போய் நில்லுங்கள். சிலுவையில் பெயர் அழிந்திருந்தால், அது யாருடையது என்று நம் பங்கின் மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கொடுங்கள். அடுத்த ஞாயிறு பூசைக் கருத்தில் அந்தப் பெயரையும் வாசிப்போம்.