வாசலில் ஓர் அட்டைப்பெட்டி

நாய்க் காப்பகம் நடத்தும் பெண்ணை ஊர் 'தாய்' என்று புகழ்கிறது. புகழ்ந்த கையோடு, கண் திறக்காத குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு அவள் வாசலில் வைத்துவிட்டும் போகிறது. பெரும்பாலும் பெண்குட்டிகள். வளர்ந்தால் குட்டி போடும் என்பதே அவற்றின் குற்றம்.

மூலையில் ஒடுங்கிக் கிடந்த நாய் முதன்முதலாக வாலாட்டும் நாள் அவளுக்குத் திருநாள். அடுத்த வாரமே பார்வோ நோய் வந்து ஐந்தாறு குட்டிகள் சாகலாம். இடமில்லாத இடத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் உள்ளே இருப்பவற்றுக்கும் ஆபத்து. அப்போது 'முடியாது' என்பது கல்நெஞ்சமா? இல்லை, அதுவும் பொறுப்புதான். ஆனால் தாய் என்று பெயர் சூட்டப்பட்டவள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்கிறார்கள்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிமனித இரக்கத்தோடு நிற்காமல் சட்டம் கேட்டார். 1960இல் அது வந்தது. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது அதன்படி குற்றம். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு என்கின்றன 2023ஆம் ஆண்டு விதிகள். தூத்துக்குடியில் மீன்கழிவை நம்பித் திரியும் நாய்களுக்கும் மாநகராட்சிதான் பொறுப்பு. ஒருத்திக்கு மனசு பெரிது என்பதால் அந்தக் கடமை அவளுடையதாகிவிடாது.

அவளைப் புகழ வேண்டாம். உங்கள் வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள், ஒரு பெண்குட்டியைத் தத்தெடுங்கள். அவள் ஓர் இரவாவது நிம்மதியாகத் தூங்குவாள்.