நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டமும் கேட்கும் கடமையும்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் உள்ள ஆயர் ஈத்தாம் ஒரு சாலைச் சந்திப்பு ஊர். கோலாலம்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் செல்லும் 50ஆம் எண் சாலையும் இங்கே கூடுகின்றன. மண்பாண்டக் கடைகளும் தின்பண்டக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வழிப்போக்கரை நம்பி வளர்ந்தவை. 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின் நெடுந்தூர வண்டிகள் ஊரைத் தொடாமலே போக வழி கிடைத்தது. பயணிக்கு நேரம் மிச்சமாயிற்று. சாலையோரக் கடைக்காரர், நிற்காமல் போகும் வண்டியையும் கணக்கில் எடுக்க வேண்டியவரானார். ஆகவே போக்குவரத்துத் திட்டம் பொறியியல் கணக்கோடு முடிவதில்லை. நன்மை யாருக்கு, சுமை யாருக்கு என்ற அறக் கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

இந்தப் பங்கீடு நெடுங்காலம் நிலைப்பது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் நிறைவுற்றபோது குளுவாங் வழியாகச் சென்றது. ஆயர் ஈத்தாமுக்கு ரயில் வரவில்லை. அன்று முடிவெடுத்தவர் எவரும் இன்று இல்லை. அவர்கள் தேர்ந்த தடம் மட்டும் நூறாண்டுக்குப் பின்னும் ஊர்களின் தலைவிதியை வகுத்துக்கொண்டிருக்கிறது. நிறைவேறாத திட்டத்துக்கும் விளைவு உண்டு. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயிலுக்கு 2016இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்து பகாட்டிலும் ஒரு நிலையம் வருவதாக இருந்தது. 2020 முடிவில் ஒப்பந்தம் காலாவதியானது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா, கடையை விரிப்பதா விடுவதா என்ற முடிவுகள் வரைபடத்திலிருந்த ஒரு கோட்டைப் பார்த்தே எடுக்கப்பட வேண்டியிருந்தன.

மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், மாநிலக் கட்டமைப்புத் திட்டத்தையும் உள்ளூர்த் திட்டத்தையும் வரைவு நிலையிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. அவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டத்தின்மீது வரும் ஆட்சேபங்களை மூவர் குழு ஒன்று விசாரிக்கும். புதிய ரயில் பாதைத் திட்டங்களை 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி மூன்று மாதம் காட்சிக்கு வைக்க வேண்டும்.

மக்களை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, அறிவு சார்ந்தது. மழைக்கு எந்தச் சாலை மூழ்கும், பள்ளிப் பிள்ளைகள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள் என்பது ஊராருக்குத்தான் தெரியும். இரண்டாவது, உரிமை சார்ந்தது. இழப்பைச் சுமக்கப்போகிறவர், தம் சொல்லால் திட்டம் மாறினாலும் மாறாவிட்டாலும், முடிவுக்கு முன் கேட்கப்பட வேண்டியவர். முதல் விடை மட்டும் போதுமென்றால், நல்ல கணக்கெடுப்பு ஒன்று கிடைத்ததும் மக்களைக் கேட்கும் தேவை முடிந்துவிடும். இரண்டாவது விடை கேட்பதைக் கடமையாக்குகிறது. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரமும், காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுப்பதை ஆள்பவனின் பண்புகளில் ஒன்றாக வைக்கிறது. குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் கலந்தாலோசனையின் பெயரையே தாங்கி, நம்பிக்கையாளரின் இயல்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறது.

பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் கதை இக்கேள்விக்கு நெருக்கமானது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்தது. மன்னன் நீதி வழங்கினான். ஆனால் அந்த நீதி கன்று இறந்தபின் வந்தது. திட்ட வரைவின்மீது நடக்கும் விசாரணை, தேர் புறப்படுமுன்பே மணியைத் தொங்கவிடும் முயற்சி. அப்போதும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது: மணி எல்லோர் கைக்கும் எட்டுமா?

எட்டாதவர் எப்போதும் இருந்திருக்கிறார்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஓலைச் சீட்டுக் குலுக்கலால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினராக, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையே இருக்க வேண்டும். நிலமில்லாதவருக்கு அங்கே இடமில்லை. இன்றைய சட்டம் அப்படி விலக்குவதில்லை என்றாலும், நிலம் எடுக்கப்படுமோ என்று அஞ்சும் பட்டாதாரர் விசாரணைக்கு வருவது இயல்பு. செம்பனைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து பேருந்தை நம்பி வாழும் தொழிலாளி வேலை நாளில் வருவது அரிது. வந்தவர் குரலையே ஊரின் குரலாகக் கொண்டால் பழைய விலக்கே புதிய வடிவில் தொடரும்.

இன்னும் பிறக்காதவர் எந்தக் கூட்டத்துக்கும் வர இயலாது. தன் தலைமுறை எதுவென அறியாத நிலையில் ஒருவர் எந்த விதியை ஏற்பார் என்று மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியான ‘நீதிக் கோட்பாடு’ நூலில் கேட்டார். தொழில்நுட்பத்தின் கை நீள நீளப் பொறுப்பின் காலமும் நீள வேண்டும் என்பது மற்றொரு மெய்யியலாளர் ஹான்ஸ் ஜோனாஸ் 1979இல் முன்வைத்த வாதம். இருவரும், இன்னும் பிறக்காதவர் சார்பில் சிந்திக்கச் சொல்கிறார்கள். பிறர் சார்பில் சிந்திப்பவர் தம் விருப்பத்தையே அவர்களுடையதாகக் கருதிவிடும் ஆபத்து இதில் உண்டு.

அந்த ஆபத்துக்கு ஓரளவு மாற்று, திட்டத்தைக் காலந்தோறும் புதுப்பிப்பது. 172ஆம் சட்டம் தேசிய இடவமைப்புத் திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபார்வையிடச் சொல்கிறது. ஒரு வரைவின்போது குழந்தையாக இருந்தவர் பின்வரும் மறுபார்வை ஒன்றில் தாமே பேசலாம். ஆகவே புதுப்பித்தல் புள்ளிவிவரத் திருத்தமாக மட்டும் இருக்க முடியாது. முன்பு பேச முடியாதவருக்கு முறை வருவதும் அதன் வழியாகவே. இடித்துத் திரும்பப் பெற முடியாத வேலைகளைவிட, பேருந்துத் தடம்போல மாற்றக்கூடிய ஏற்பாடுகளுக்கு முன்னுரிமை தருவதும் இதே காரணத்தால் நியாயமாகிறது.

கேட்பது என்பது எல்லோர் சொற்படியும் நடப்பதாகாது. விருப்பங்கள் மோதும், சிலருக்கு இழப்பு நேரும். முடிவு மாறக்கூடிய கட்டத்திலேயே கேட்பது, மலாய், சீனம், தமிழ் எனப் பேசுவோர் மொழியில் கேட்பது, வர இயலாதவரைத் தேடிச் சென்று கேட்பது, ஏற்காத ஆட்சேபத்துக்கும் காரணம் சொல்வது ஆகிய நான்கும் நிறைவேறினால், இழந்தவரும் தாம் கணக்கில் எடுக்கப்பட்டதை ஒப்புக்கொள்ள முடியும். இவை இல்லாத விசாரணை சட்டத்தை நிறைவேற்றலாம். கடமை நிலுவையிலேயே இருக்கும்.