இடம் பிடிக்கும் பாத்தியதை

மதுரைச் சந்திப்பில் மாலை வேளையில் இராமேசுவரம் பாசஞ்சர் யார்டிலிருந்து பிளாட்பாரத்துக்குள் மெல்ல நகர்ந்து வருகையில், அது முற்றிலும் நிற்பதற்கு முன்னரே ஜன்னல் கம்பிகளின் வழியாகத் துண்டுகளும் கைக்குட்டைகளும் செய்தித்தாள்களும் உள்ளே விழுந்து ஆசனங்களின்மேல் படிந்துவிடுவதை அந்நிலையத்தில் பழகியவர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். வாசலில் நெருக்குண்டு, மூட்டையோடும் குழந்தையோடும் ஒருவாறு உள்ளே வந்து சேர்கிற ஒருவர், காலியாகத் தோன்றுகிற இடத்தில் அமரப் போகும் தருணத்தில், எதிரே இருப்பவர் "ஆள் வருது" என்கிறார். வந்தவர் மறுவார்த்தை பேசாமல் அடுத்த இடத்தைத் தேடி நகர்கிறார். டிக்கெட்டுக்கு இருவரும் ஒரே தொகையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் ஒருவருடைய துணிக்கு இருக்கும் மதிப்பு மற்றவருடைய சரீரத்துக்கு இல்லாமற்போகிறது. பலருக்கும் பொதுவான ஒன்றில் ஒருவர் தமக்கென ஒரு பகுதியை எந்த நியாயத்தினால் சொந்தமாக்கிக்கொள்கிறார் என்ற தர்மப் பிரச்சினை இந்தச் சிறு நிகழ்ச்சியில் முழுமையாக அடங்கியிருக்கிறது.

இதனை அற்ப விஷயமென்று ஒதுக்குவோர் உண்டு. இரண்டு மூன்று மணி நேரப் பிரயாணத்தில் நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன என்று அவர்கள் கேட்கக்கூடும். காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டிவிட்டு ஊர் திரும்பும் ஜவுளிக்கடைப் பணிப்பெண்ணிடம் அவர்கள் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கடையில் வேலை செய்வோருக்கு அமர்வதற்கு ஓர் இருக்கை தரப்பட வேண்டும் என்பதற்காக 2021-இல் தமிழ்நாட்டில் தனியே ஒரு சட்டத்திருத்தம் இயற்ற நேர்ந்தது என்பதை நினைத்தால், உட்காருதல் என்பது உழைப்பாளிகளுக்கு எத்தனை அரிய பொருள் என்பது விளங்கும். அத்தகையவருக்கு இரயிலில் கிடைக்கும் ஓரிடமே அன்றைய தினத்தின் முதல் ஓய்வு.

சட்டத்தை நோக்கினால், அது ஓர் எல்லை வரையில் வந்து நின்றுவிடுகிறது. தமக்கென ஒதுக்கப்படாத பெட்டியில் மற்றொரு பிரயாணி ஏறுவதைத் தடுப்பவருக்கு 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் 155-ஆம் பிரிவில் அபராதம் விதிக்கிறது. ஆகவே, "இங்கே இடமில்லை, அடுத்த பெட்டிக்குப் போ" என்று வாசலை அடைத்து நிற்பவர் செய்வது முரட்டுத்தனம் மட்டுமன்று, குற்றமுமாகும். ஆனால் ஏறியபின் எந்த ஆசனம் யாருக்கு என்று அச்சட்டம் வகுக்கவில்லை. முன்பதிவில்லாத டிக்கெட் பிரயாணம் செய்யும் உரிமையைத் தருகிறதேயன்றி அமரும் உரிமையைத் தருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு பிரயாணிகளின் மனச்சாட்சியைச் சேர்ந்ததாகிறது. அவர்களோ அதை வழக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டார்கள்.

முதலில் வந்தவருக்கே முதல் உரிமை என்ற அவ்வழக்கத்துக்குப் பழைமையான ஆதரவு உண்டு. நாடக சாலை எல்லாருக்கும் பொதுவாயினும் அங்கே ஒருவர் அமர்ந்துவிட்ட இடத்தை அவருடையதென்று சொல்வது தகும் என்பது ஸ்டோயிக் தத்துவஞானிகளின் கருத்தாக ரோமாபுரியின் சிசரோ எழுதிவைத்திருப்பது. இதே உவமையை நான்காம் நூற்றாண்டில் செசரியா நகரத்துக் கிறிஸ்தவ குருவான பசில் எடுத்துக்கொண்டு நேர் எதிராகத் திருப்பினார். பொதுப் பொருள்களை முந்திக் கைப்பற்றியதனாலேயே தமக்குச் சொந்தமென்று எண்ணும் செல்வர், நாடக சாலைக்கு முதலில் வந்து சேர்ந்து, பின்னால் வருவோரை உள்ளே விடாமல் தடுப்பவனுக்கு ஒப்பாவர் என்று அவர் கண்டித்தார். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. அமர்ந்தவரை எழுப்பும் அதிகாரம் பின்னால் வருவோர்க்கு இருக்குமானால், வலியவர் வந்து மெலியவரை எழுப்புவதே நாள்தோறும் நடக்கும்; அந்தக் கலகத்தைத் தவிர்ப்பதற்கேனும் முதலில் அமர்ந்தவரின் உரிமையை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆயினும் அவ்வுரிமை அவர் அமர்ந்திருக்கும் அளவுக்கு மேல் ஓர் அங்குலமும் நீளக் காரணமில்லை. சிசரோ பேசியது அமர்ந்த மனிதனைப் பற்றி. அமரப்போகிற மனிதனுக்காகக் கிடக்கும் துண்டைப் பற்றி அவர் பேசவில்லை.

முந்தி வருதல் என்பதே எல்லாருக்கும் சமமான போட்டியா என்பதும் கேட்கத்தக்கது. யானைமலை அடிவாரத்திலுள்ள ஒத்தக்கடைக்கு இரயில் பாதை கிடையாது. மேலூர் வழியாகக் காரைக்குடிக்கு ஒரு பாதை வேண்டுமென்ற கோரிக்கை நெடுங்காலமாகக் கோரிக்கையாகவே இருந்துவருகிறது. எனவே ஒத்தக்கடைவாசி இரயிலேற வேண்டுமானால் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, மாட்டுத்தாவணியிலும் கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் நெரிசல் விடுகிற மட்டும் நின்று நின்று, நிலையத்தை அடைய வேண்டும். ஒத்தக்கடை அருகே 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-இல் திறக்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வழக்குக்காக வரும் மக்களின் நிலையும் இதுவே. கோர்ட்டு கலைந்து, வக்கீலைக் கண்டு அடுத்த வாய்தாவைத் தெரிந்துகொண்டு, கட்டுக் காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு இராமநாதபுரத்துக் கிழவர் ஒருவர் சந்திப்புக்கு வந்து சேரும்போது, நிலையத்துக்கு அருகில் வேலை பார்ப்பவர்களின் துண்டுகள் பெட்டி முழுவதும் இடம் பிடித்து முடிந்திருக்கும். அவர் சோம்பலினால் தாமதிக்கவில்லை. முந்தி வந்தவரும் தர்மத்தினால் முந்தவில்லை; நகரும் வண்டியில் தாவி ஏறும் கால்வலிமையும், அருகில் இருக்கும் அதிர்ஷ்டமும், எந்தப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்ற அநுபவமுமே அவரை முந்தச் செய்தன. இவற்றுக்கு ஓரளவு பலன் கிடைப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அப்பலனை நியாயம் என்ற பெயரால் அழைத்து, அதைத் தம் நண்பர்கள் நால்வருக்கும் விரித்துக் கொடுப்பதைத்தான் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

துண்டுகள் எல்லாம் ஒரே தன்மையுடையனவும் அல்ல. இரண்டு குழந்தைகளை பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டு, தான் முன்னே ஏறி ஓரிடத்தில் ஒரு துணியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றத் திரும்பும் தாய், வராத ஒருவருக்காக இடம் பிடிக்கவில்லை. அவள் வந்துவிட்டாள், அவளுடைய கைகள்தாம் இன்னும் வந்து சேரவில்லை. மானாமதுரையில் வண்டி நிற்கும் சில நிமிஷங்களில் தண்ணீர் பிடிக்க இறங்கியவர் விட்டுச்சென்ற கைக்குட்டையும் அப்படியே. அமர்ந்திருந்தவர் திரும்பி வரப்போகிறார் என்பதற்கு அது அடையாளம். அதை மதிப்பது மரியாதை. கழிவறைக்கு எழுந்து போன வயோதிகரின் இடத்தில் ஓடி உட்கார்ந்துகொண்டு, முன்பதிவில்லாத பெட்டிதானே என்று வாதிப்பவர் சட்டப்படி பிழை செய்யாதவராயினும், மனிதர் நடுவே வாழத் தகுந்த முறையில் நடந்தவராகார். ஆனால் திருப்புவனத்திலோ மானாமதுரையிலோ ஏறவிருக்கிற ஒரு நண்பருக்காக மதுரையிலிருந்தே விரிக்கப்படுகிற துண்டு முற்றிலும் வேறு வகை. அந்த நண்பர் இன்னும் பிரயாணியே அல்லர். அவருக்காக, டிக்கெட் வாங்கிப் பெட்டிக்குள் நிற்கிற ஒருவர் சிலைமான் தாண்டியும் நின்றுகொண்டே வருகிறார். வந்தவருக்கும் வராதவருக்கும் இடையே எழும் வழக்கில் வராதவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல எந்த நியாயசாஸ்திரத்திலும் இடமிருப்பதாகத் தோன்றவில்லை.

சீசன் டிக்கெட் எடுத்து நாள்தோறும் போய்வருவோர் இதற்கு ஒரு சமாதானம் சொல்வதுண்டு. அது கேட்கத்தக்க சமாதானமே. ஆண்டுக்கணக்காக ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் வருகிற அவர்களுக்கிடையே உண்மையான சிநேகம் வளர்ந்திருக்கிறது. ஒருவர் வராவிடில் மற்றவர் விசாரிக்கிறார். மகளின் கலியாணத்துக்குப் பணம் புரட்டித் தருகிறார்கள். ஒருவருக்கு மயக்கம் வந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். நண்பருக்கு இடம் வைத்தல் அந்த அன்பின் ஓர் அங்கம் என்கிறார்கள். அன்பு உயர்ந்ததுதான்; ஆனால் தம்மிடமுள்ளதைக் கொடுப்பதில் வெளிப்படும் அன்புக்கும், பிறர் பங்கை எடுத்துக் கொடுப்பதில் வெளிப்படும் அன்புக்கும் பெருத்த வித்தியாசம் உண்டு. நண்பர் ஏறியதும் தாம் எழுந்து அவரை அமரச் செய்து, பாதித் தூரம் அவர், பாதித் தூரம் தாம் என்று மாற்றிக்கொள்பவருடைய சிநேகத்தை எவரும் குறை கூற முடியாது. அவ்வாறு செய்வோரும் அந்த வண்டிகளில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அமர்ந்துவிட்டவருடைய உரிமைக்கும் எல்லை உண்டு. கர்ப்பிணியும், கைக்குழந்தைக்காரியும், ஊன்றுகோல் பிடித்தவரும் எதிரே நிற்கையில் ஜன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொள்பவர் தம் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார், ஆனால் அதற்காகக் கண்ணை மூட வேண்டியதாகிறது. இங்கே சங்கடமான ஒரு பகுதி இருக்கிறது. தேவை எப்பொழுதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயிற்று வலியோடு நிற்கும் இளம்பெண்ணின் முகத்திலிருந்து எதுவும் தெரியாது. திடகாத்திரராகத் தோன்றும் நடுவயதுக்காரர் இருதய சிகிச்சை முடிந்து திரும்புபவராக இருக்கலாம். அமர்ந்திருக்கும் இளைஞனே இரவுப் பணி முடித்து, நிற்க முடியாதவனாக இருக்கலாம். ஆகையால் நின்றிருப்பவர்கள், உட்கார்ந்திருக்கும் இளைஞனை உடனே கண்டனம் செய்துவிடுவதும் அநியாயமாகிறது. அமர்ந்தவர் எதிரில் நிற்போரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தல், நிற்பவர் கூச்சமின்றிக் கேட்டல், கேட்டவரிடம் காரணத்தைத் துருவாதிருத்தல் ஆகியவை இருந்தால் பெரும்பாலான சங்கடங்கள் தீர்ந்துவிடும். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்ற சொல்லில் மூவருக்கான பலகை நால்வருக்கு இடம் கொடுத்துவிடுவதை இந்த வண்டிகளில் தினமும் காணலாம்; யாருக்கும் முழுச் சௌகரியமில்லை, யாரும் நிற்கவுமில்லை.

இவ்வளவையும் பிரயாணிகளுக்கு உபதேசித்துவிட்டு நிர்வாகத்தை விட்டுவிடுவது பெரும் பிழையாகும். 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்த காந்தியடிகள், 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டியில் பெரும்பகுதித் தூரம் 35 பேர் இருந்ததையும், கைகலப்பாக முடிய இருந்த ஒரு சச்சரவு மூத்த பிரயாணிகள் சிலர் தலையிட்டதனாலேயே தவிர்க்கப்பட்டதையும் எழுதினார். நிர்வாகத்தின் அலட்சியத்தைக் கடிந்த அதே கட்டுரையில் பிரயாணிகளின் அசுத்தப் பழக்கங்களையும் அவர் கடிந்தார். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பேர் செல்லலாம் என்று வரையறுத்து அதைப் பிரதேச மொழியிலும் எழுதிவைக்க வேண்டுமென்று இரயில்வே சட்டத்தின் 57-ஆம் பிரிவு இன்றும் கூறுகிறது, எண்ணும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவ்வெண்ணைக் கருதி முன்பதிவில்லா டிக்கெட் விற்பனை நிறுத்தப்படுவதில்லை. பாதைகளின் விஷயத்திலும் இதே அலட்சியந்தான். 1928-இல் போடப்பட்டு, இரண்டாம் உலக யுத்தத்தில் தண்டவாளமே பெயர்த்தெடுக்கப்பட்டுப் பின்னர் மீண்ட மதுரை–போடி பாதை, அகலப்பாதையாக்குவதற்கென 2010-இன் முடிவில் மூடப்பட்டு, 2022 மே மாதத்தில் தேனி வரையிலும் 2023 ஜூன் மாதத்தில் போடி வரையிலும் திறக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் உசிலம்பட்டியும் ஆண்டிபட்டியும் பஸ்ஸையே நம்பின. பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் நின்ற பாசஞ்சர் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது விரைவு வண்டிக் கட்டணம் வசூலிக்கப்பட்டு, பத்து ரூபாய் டிக்கெட் முப்பது ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியின் இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இன்றும் ஒற்றைப் பாதையில் "கிராஸிங்" என்று நிற்பது பெரும்பாலும் பாசஞ்சரே, கடந்து போவது எக்ஸ்பிரஸே.

ஆகவே, இடப்பஞ்சம் இயற்கையாக வந்ததன்று, மனிதர் செய்த ஏற்பாட்டின் விளைவு. இரண்டு பெட்டிகள் கூடுதலாகச் சேர்த்தால் இப்பிரச்சினையே எழாது என்று சொல்வோர் கூறுவது பெருமளவு உண்மை. அந்தப் பெட்டிகளைக் கேட்டு மனுக் கொடுப்பதும், வாக்குக் கேட்டு வருவோரிடம் வற்புறுத்துவதும் பிரயாணிகளின் கடமையே. ஆனால் இன்று மாலை புறப்படும் வண்டியில் அந்த இரண்டு பெட்டிகள் இல்லை. இராமநாதபுரத்துக் கிழவர் இருக்கிறார். நிர்வாகம் அவருக்குச் செய்த அநீதி, சகபிரயாணி செய்யும் அநீதியைக் கழித்துவிடுவதில்லை. இரண்டையும் அவர் ஒருவரே, இரண்டு கால்களால், தாங்குகிறார்.

அப்படியாயின் உரியவர் இன்னும் ஏறாத துண்டை எடுத்துவிட்டு அக்கிழவரை அமர்த்தலாமா? வண்டி புறப்பட்டுவிட்டதென்றால் தாராளமாக அமர்த்தலாம். புறப்படுமுன் சற்றுப் பொறுத்து, பக்கத்தில் இருப்போரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அமர்த்துவது முறை. கிழவர் தாமே அதை எடுக்க அஞ்சுவார். ஆதலால் அருகில் நிற்கும் வலுவுள்ளவரே அதை எடுக்க வேண்டும். எடுத்ததைக் கீழே தள்ளாமலும் மிதிபட விடாமலும் மடித்து ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து, உரியவர் வந்து சினந்து கேட்கும்போது, அமர்ந்திருக்கும் கிழவரைப் பதில் சொல்ல விடாமல், எடுத்தவன் நானே என்று அவர் சொல்ல வேண்டும்.