மகிழ மரத்தடியில் சாமி

சாமி கருவறையில் இருக்கிறார் என்று நம்பித்தான் கோயிலுக்குப் போகிறீர்கள். ஒரு நாள் அவர் கருவறையை விட்டு வெளியே வந்து, ஒரு மரத்தடியில் நின்றார். அந்த மரம் நம் வடசென்னைக் கோயில் ஒன்றில் இருக்கிறது. மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கலாம். இருந்தாலும் இன்னொரு முறை கேளுங்கள்.

சங்கிலியார் ஞாயிறு என்ற ஊரில் பிறந்தவர். ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூமாலை கட்டிக்கொண்டிருந்தவர். தேவாரம் பாடிய சுந்தரர் அவரைப் பார்த்தார், விரும்பினார். பெண் கேட்க சிவபெருமானையே தூது அனுப்பினார். சங்கிலியாருக்கு ஒரே ஒரு கவலை. இவருக்குத் திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறாரே, நாளைக்கு என்னை விட்டுவிட்டு அங்கே போய்விட்டால்? பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து தரட்டும், என்றார்.

சுந்தரர் மறுக்கவில்லை. ஆனால் சாமியிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொண்டார். நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் உள்ளே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள். சாமி இல்லாத சன்னதியில் செய்த சத்தியம் கட்டாது என்பது அவர் கணக்கு. சிவனும் சரி என்றார். பிறகு நேராகச் சங்கிலியாரின் கனவுக்குப் போனார். சன்னதியில் வேண்டாம் அம்மா, மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள், என்றார்.

விடிந்தது. மரத்தடியில் சத்தியம் நடந்தது. கல்யாணமும் நடந்தது. சில காலம் கழித்துத் திருவாரூர் நினைவு வந்தது. சுந்தரர் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அவர் எந்தப் பூசையை விட்டார்? எதையும் விடவில்லை. எந்தப் பதிகத்தை மறந்தார்? ஒன்றையும் மறக்கவில்லை. கடவுளுக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பூக்கட்டும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கைத்தான் மீறினார். அவரோ சாதாரண பக்தர் அல்ல, தம்பிரான் தோழர், சிவனுக்கே நண்பர். அந்தத் தோழமைகூட மரத்தடியில் செல்லுபடியாகவில்லை. சாமி பூக்காரப் பெண்ணின் பக்கம் நின்றார்.

சன்னதியில் நாம் சாமியிடம் கேட்கிறோம். மரத்தடியில் சாமி நம்மிடம் கேட்கிறார்.

மாசித் திருவிழாவில் அந்தக் கோயிலில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. கும்பலோடு கும்பலாக நின்று பாருங்கள். கோயில் கொண்டாடுவது ஒரு வெற்றியையோ வரத்தையோ அல்ல. ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்த நேரத்தைக் கொண்டாடுகிறது.

மரத்தடி திருவொற்றியூரில் மட்டும் இல்லை. பெரம்பூருக்கு வாருங்கள். நூறு வருடத்துக்கு முன் அங்கே ஒரு சபை இருந்தது. வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று பெயர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்நின்று நடத்தினார்கள். மில் தொழிலாளர்கள் வேலை முடிந்து அங்கே வந்து உட்கார்ந்து சமயச் சொற்பொழிவு கேட்டார்கள். மில்லில் சாப்பாட்டு இடைவேளை அரைமணிதான். கூடவே மேலாளர்களின் வசவு, சில நேரம் அடி. புராணம் கேட்கக் கூடியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உனக்கும் இதே கதியா என்று கேட்டுக்கொண்டார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். சைவத்தில் ஊறிய திரு.வி.க. உடன் நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. அது ஒரு பக்தி சபையின் பாயிலிருந்து எழுந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உனக்கு நான், எனக்கு நீ என்று அவர்கள் வாக்குக் கொடுத்துக்கொண்டபோது, சாமி மேடையில் மாட்டியிருந்த படத்திலிருந்து இறங்கி அவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்திருப்பார். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

மூன்றே வருடம். 1921இல் மில்லில் பெரிய வேலைநிறுத்தம். சங்கம் சாதியால் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கலவரம் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. திரும்பிப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவில் தள்ளி நில் என்று சொல்லிவிட்டு, சங்கத்தில் மட்டும் தோழா என்று கூப்பிட்டால் யார் நம்புவார்கள்? கொடுத்த வாக்கில் பாதியைத்தான் அவர்களுக்குக் கொடுத்திருந்தோம். பாதி வாக்கும் பொய்ச் சத்தியம்தான். ஒற்றியூர் எல்லையில் சுந்தரருக்குப் போன கண், புளியந்தோப்பில் ஓர் ஊருக்கே போனது.

சுந்தரருக்குக் கண் திரும்பி வந்தது. ஒரு கண் காஞ்சிபுரத்தில், இன்னொன்று திருவாரூரில். ஒரே நாளில் வரவில்லை, வழி நெடுக நடந்தும் பாடியும் அழுதும்தான் வந்தது. நமக்கும் அப்படித்தான் வர வேண்டியிருக்கிறது.

ராயபுரத்துக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். அந்தப் பெயரே இராயப்பர் என்கிற பேதுருவிடமிருந்து வந்தது. வலை வீசிப் பிழைத்த மனிதர் அவர். அங்கே அவருக்கு ஆலயம் எழுப்பியவர்கள் படகுக்காரர்கள். அன்று மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. அதில் ஆணியே இல்லை. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். இறுக்கி ஆணி அடித்த படகை அந்த அலை உடைத்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்துக் கரைக்கு வந்துவிடும். உங்கள் நம்பிக்கை எந்தப் படகு? மற்றவர்களை நெருங்கவிடாமல் ஆணி அடித்து வைத்திருக்கிறீர்களா, பக்கத்தில் இருப்பவரோடு கயிறு போட்டுத் தைத்திருக்கிறீர்களா?

காசிமேட்டில் இன்று நிற்கிற படகுகளைப் பாருங்கள். ஒன்றில் மாதா, ஒன்றில் முருகன், இன்னொன்றில் வெறும் பேரப்பிள்ளையின் பெயர். ஆழ்கடலில் ஒரு படகின் இன்ஜின் நின்றுபோனால், அடுத்த படகு கயிறு வீசி இழுத்து வரும். முகப்பில் எந்தச் சாமி என்று அங்கே யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. கரைக்கு வந்த பிறகுதான் நமக்கு அதெல்லாம் ஞாபகம் வருகிறது.

உங்கள் மகிழ மரம் எது? அது வீட்டுத் திண்ணையாக இருக்கலாம். அனல்மின் நிலையத்துக் கேட்டாக இருக்கலாம். அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றீர்கள், மூன்று வாரமாகிவிட்டது. கூட வேலை செய்பவரிடம் ஷிஃப்டு மாற்றிக்கொள்கிறேன் என்றீர்கள், அவர் இன்னும் கேட்க முடியாமல் இருக்கிறார். மாடி வீட்டுப் பாட்டியிடம் கைமாற்றாக வாங்கிய ஐந்நூறு ரூபாய் இன்னும் திரும்பவில்லை. மனைவியிடம் சொன்னது ஒன்று உண்டு. அது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

இவர்களில் யாரும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. சங்கிலியாரும் இழுக்கவில்லை.

நாளைக்கும் சன்னதிக்குப் போங்கள், கற்பூரம் ஏற்றுங்கள், மெழுகுவத்தி வையுங்கள், தொழுகைக்கு நில்லுங்கள். ஆனால் இன்று ராத்திரி விளக்கை அணைப்பதற்குள், காத்திருக்கிற அந்த ஒருவருக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள்.